ஒரு சகன், நாலு பேர், ஒரு மடையன்

விருந்துக்குப் போகிறவன் வாயைத் திறக்குமுன் கண்ணைத் திறக்க வேண்டும். நான் மாற்றிச் செய்தேன். அதன் பலனை இன்றுவரை தனியாக உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறேன்.

ஐம்பதுகளில், கல்லூரித் தோழன் சாகுல் தன் அக்கா கல்யாணத்துக்குக் கோட்டைப்பட்டினம் வரச்சொன்னான். புதுக்கோட்டைக்காரனான நான் அதுவரை கடலையும் பார்த்ததில்லை, பாய்வீட்டுப் பந்தியையும் பார்த்ததில்லை. அறந்தாங்கியில் பஸ் மாறி, புழுதியில் குளித்துப் போய் இறங்கினேன்.

"வாப்பாகிட்ட ஒன்னையப் பத்திச் சொல்லிச் சொல்லி என் வாயே வலிச்சுப்போச்சுடா. அவுக பக்கத்துலதான் ஒனக்கு எடம். என் மானத்தக் காப்பாத்து" என்றான் சாகுல். எனக்கும் அந்த வீட்டுப் பிள்ளை என்று பேர் வாங்க ஆசை. (ஆசை மட்டும்தான் பஸ் ஏறி வந்திருந்தது, மூளை புதுக்கோட்டையிலேயே நின்றுவிட்டது.)

பாயில் உட்கார்ந்ததும் என் முன்னால் ஒரு பெரிய தாம்பாளம் வந்தது. நெய்ச்சோறு குவித்து, மேலே கறி. அடேயப்பா, இவ்வளவும் எனக்கா! இலையில் மிச்சம் வைத்தால் ஆத்தா முதுகில் வைக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். பயத்தில் அப்போதே ஆரம்பித்துவிட்டேன். சாகுலின் வாப்பாவும் இன்னும் இரண்டு பெரியவர்களும் வந்து தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். விருந்தாளி சாப்பிடுவதைப் பக்கத்திலிருந்து கவனிப்பது இந்த ஊர் மரியாதை போலும் என்று பூரித்துப்போனேன்.

வாப்பா 'பிஸ்மில்லா' சொல்லித் தட்டுக்குள் கையை விட்டார். நல்ல கறித்துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளினார். எனக்குப் பதறிவிட்டது. இரண்டு கையாலும் தட்டை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டு கத்தினேன்.

"மாமா, இது என் தட்டு!"

பந்தியே நின்றது. அப்போதுதான் அக்கம்பக்கம் பார்த்தேன். ஒவ்வொரு தட்டையும் சுற்றி நாலு பேர், தட்டுக்குள் நாலு கை. சகன் சாப்பாடு என்றால் அப்படித்தானாம்.

சாகுலின் முகம் செத்துப்போயிருந்தது. வாப்பா மட்டும் சிரித்தார். "ஆமா தம்பி, ஒங்க தட்டுதான். நிம்மதியாச் சாப்புடுங்க. நாங்க அங்கிட்டு ஒக்காந்துக்கிர்றோம்" என்று மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நாலு பேர் சோற்றின் முன்னால் நான் மட்டும். அழுகை வந்தது. அழுதுகொண்டே தின்றேன். (சோறு அருமை, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

பிறகு மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க தம்பி, அது ஒங்க பக்கத்துப் பழக்கம்" என்றார்.

அதற்குப் பின் அந்த வீட்டில் எத்தனையோ விசேஷம். நான் வாசலில் கால் வைத்ததும், "தட்டுக்காரர் வந்துட்டாரு!" என்று உள்ளே சிரிப்பு கேட்கும். எனக்கென்று ஒரு தனித்தட்டே வாங்கி வைத்திருந்தார் மனிதர். என் மனம் கோணக் கூடாதாம். "மாமா, நானும் ஒங்க கூடச் சகன்ல ஒக்கார்றேனே" என்று கேட்க ஒருநாளும் எனக்கு வாய் வரவில்லை. இப்போது கேட்பதற்கு அவர் இல்லை.

போன மாதம் சாகுலின் பேத்தி கல்யாணம். பந்தியில் உட்கார்ந்தேன். அந்தத் தட்டு வந்தது, நன்றாகத் துலக்கி, எனக்கு மட்டும்.