பிரேக்கில் ஒரு சத்தம்

"வண்டி ஓனர் நீங்கதானே சார்?" என்று போனில் அந்தப் பெண் கேட்டபோது இல்லை என்று சொல்லியிருந்தால், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

"ஆமாங்க, நான்தான்" என்றான்.

வண்டி அவனுடையது இல்லை. வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். நீச்சல் மாஸ்டர் ஒருவர் விற்பதாக விளம்பரம் கொடுத்திருந்தார். படத்தில் நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிந்தது. அந்த ரகக் கார்களில் சிலவற்றைப் பிரேக் கோளாறுக்காகக் கம்பெனியே ரீகால் செய்கிறது, திரும்ப வரவழைத்து இலவசமாகச் சரிசெய்து தருகிறது என்று எங்கோ படித்திருந்தான். இந்த வண்டியும் அதில் சேர்த்தியா என்று கேட்கத்தான் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டான். ஓனரைத் தவிர வேறு யாரிடமும் வாயைத் திறக்க மாட்டார்களாம்.

அவனுக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. மாத்திரை டப்பாவுக்குள் மடித்து மடித்துத் திணித்திருக்கும் தாளில் அச்சுப்பிழை பார்க்க வேண்டும். தலைசுற்றல், வாந்தி, அரிப்பு, அரிதாக மயக்கம் என்று வருடக்கணக்கில் படித்ததில், எதைப் பார்த்தாலும் அதன் பக்கவிளைவுதான் முதலில் கண்ணில் படும். கார் தேட ஆரம்பித்ததும் கேட்க வேண்டுமா? ஒன்றுக்கு கியர்பாக்ஸ் உதறும், இன்னொன்றுக்கு ஏசி ஒழுகும், மற்றொன்றின் கதவு மழைக்காலத்தில் உள்ளிருந்து திறக்காது. எல்லாவற்றையும் தட்டிக் கழித்தான்.

மனைவிக்கோ ஏழாம் மாதம். இனி ஸ்கூட்டரில் ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"நீங்க ஆராய்ச்சி பண்ணி முடிக்கறதுக்குள்ள குழந்தை பொறந்து, வளர்ந்து, லைசென்ஸ் எடுத்து, அதுவே ஒரு கார் வாங்கிடும்" என்று அவள் சொல்லியிருந்தாள்.

"வண்டியில இப்ப ஏதாவது பிரச்சினை இருக்கா சார்?" என்று போனில் பெண் கேட்டாள்.

இல்லை என்றால் வைத்துவிடுவாளோ என்று பயம். "பிரேக் போட்டா ஒரு சத்தம் வருதுங்க."

"என்ன மாதிரி சத்தம்?"

அவன் வண்டியை இன்னும் நேரில்கூடப் பார்க்கவில்லை. "கீச்சுனு... பழைய பீரோ திறக்கற மாதிரி."

"பதிவு பண்ணிட்டேன் சார். உங்க நம்பருக்கு மெசேஜ் வரும்."

எந்த நம்பருக்கு என்று அவன் கேட்கவில்லை.

அன்று மாலை கார் பார்க்கப் போனான். மாஸ்டர் கேட்டருகே கையில் போனோடு நின்றிருந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"வாங்க தம்பி. உங்களை வீணா அலைய வச்சுட்டேன். வண்டியை எடுக்காதீங்கன்னு கம்பெனி மெசேஜ் அனுப்பியிருக்கு. பிரேக்ல கீச்சுனு சத்தமாம். ஓட்டற எனக்கே தெரியாது, அவங்க எப்படிக் கண்டுபிடிச்சாங்க பாருங்க!"

"எனக்கு ரொம்ப நாளாவே அந்தச் சத்தம் கேக்குது. சொன்னா இவர் காதுல வாங்கினாத்தானே" என்றார் உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி.

அவன் ஏதோ சாக்குச் சொல்லிக் கழன்றுகொண்டான். வெளியே வந்து தெருமுனையில் நின்று அதே எண்ணைக் கூப்பிட்டான்.

"அந்தப் பிரேக் சத்தம் நின்னுடுச்சுங்க."

"நின்னுடுச்சா?" அதே பெண்தான். குரல் மாறியது. "தானாவா?"

"தானாத்தான்."

"சார், சத்தம் வந்துட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை. தானா நின்னா அது ரொம்ப ஆபத்து. வண்டி பக்கத்துல போகாதீங்க. தூக்கிட்டு வர ஆள் அனுப்பறோம்."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாங்க. உண்மையைச் சொல்லிடறேன், நான் ஓனரே இல்லை."



"அப்போ வண்டி உங்ககிட்ட எப்படி சார் வந்துச்சு?"

அவன் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் ஆட்கள் வந்து காரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முன்சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க அது தெருவைத் தாண்டிப் போவதை மாஸ்டர் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மனசு கேட்காமல் வந்திருந்த அவன், துக்க வீட்டுக்கு வந்தவன்போலப் பக்கத்தில் நின்றான்.

"இனி வேலைக்கு எப்படிப் போவீங்க சார்?"

"பார்ப்போம் தம்பி."

அந்தப் 'பார்ப்போம்' அவனை அறுத்தது. "கார் திரும்பி வர்ற வரைக்கும் நானே உங்களைக் கொண்டுபோய் விடறேன்."

"உங்ககிட்ட என்ன வண்டி?"

"ஸ்கூட்டர்தான் சார்."

மாஸ்டரின் முகம் சட்டென்று தெளிந்தது. "அப்படியா? நாளைக்கே வந்துடுங்க."

அதிலிருந்து தினமும் காலையில் நீச்சல்குளத்துக்கு ஓட்டம். மாஸ்டரின் தோள்கள் கதவகலம். வளைவில் அவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ, அந்தப் பக்கம்தான் ஸ்கூட்டர் திரும்பும். கழுத்தில் விசில் ஆட, வழியெல்லாம் அவன் காதருகே பேசிக்கொண்டே வருவார்.

"மேட்டுல ஏறுமா தம்பி?"

"ஏறும் சார். கொஞ்சம் முனகும்."

"மழையில?"

"ஸ்டார்ட் ஆகாது சார். கெஞ்சணும்."

ஒரு பொய் சொல்லிப் பட்ட பாடு போதும், இனி இந்த மனிதரிடம் உண்மையைத் தவிர எதுவும் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தான். அதனால் பின்பிரேக் பிடிக்க யோசிக்கும் என்பதையும், வெயிலில் பெட்ரோல் வாடை வரும் என்பதையும், ஹார்ன் ஒருமுறை அடிக்க ஆரம்பித்தால் நிற்காது என்பதையும் அவர் கேட்காமலேயே சொன்னான்.

"காரும் வரலை. அதுக்கு முன்னாடி அவருக்கு டிரைவர் கிடைச்சாச்சு" என்றாள் மனைவி, ஆஸ்பத்திரிக்குப் போக டாக்ஸிக்குக் காத்துக்கொண்டே.

அவனுக்கும் உறுத்தத்தான் செய்தது. ஒருநாள் காலை ஓட்டும்போதே தைரியத்தை வரவழைத்துக்கொண்டான். "சார், அந்தச் சத்தத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும்..."

காற்றில் பாதி பறந்துவிட்டது. மாஸ்டர் முன்னால் குனிந்தார். "சத்தமா? எனக்கும் கேட்டுச்சு தம்பி. சைலன்சர்ல இருந்துதானே?"

அதன்பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒருவழியாகக் கார் திரும்பி வந்தது. பிரேக் குழாயைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். சத்தத்துக்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை என்று சொல்லி, பெட்ரோல் மூடியையும் சேர்த்துத் துடைத்து அனுப்பியிருந்தார்கள். அவன் சுற்றிச் சுற்றி வந்தான், குனிந்தான், நிமிர்ந்தான். இந்த வண்டிக்கு ஒரு பக்கவிளைவும் தென்படவில்லை. பேரம்கூடப் பேசாமல் சரி என்றான்.

காரை எடுத்துப்போகும் நாளில் மனைவியையும் டாக்ஸியில் கூட்டிவந்திருந்தான். அவள் முன்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, கால்களை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அத்தனை அலைச்சலும் அவனுக்கு மறந்துபோனது.

சாவியை மாஸ்டரின் மனைவிதான் கொண்டுவந்து கொடுத்தார். மாஸ்டர் வெளியே போயிருக்கிறாராம்.

"மேடம், காரை வாங்கிட்டேன்னு அவரை அம்போன்னு விட்டுட மாட்டேன்" என்றான் மனம் நெகிழ்ந்து. "நாளைக்கும் ஸ்கூட்டரோட வந்துடறேன்னு சொல்லுங்க."

"ஐயையோ, வேண்டாம் தம்பி! குளத்துக்குப் போக கிளப் வேன் தினமும் வாசலுக்கே வரும். கார் வாங்கினதும் நீங்க ஸ்கூட்டரை வித்துடுவீங்க, நாம வாங்கிக்கலாம்னுதான் இத்தனை நாளா பின்னாடி உக்காந்து விசாரிச்சுப் பார்த்தாரு, நீங்க சொன்னதையெல்லாம் கேட்டு மிரண்டுபோய் இப்ப வேற வண்டி பார்க்கப் போயிருக்காரு."