துப்பாக்கி அணிக்கு ஒரு பேச்சாளர்

துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமை தரும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தத்தைக் காப்பாற்றும் மாபெரும் பொறுப்பு, ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், மீன்தலைக் கறிக்குப் பேர்போன ஓர் உணவகத்தின் மாடியில் வந்து இறங்கியது. வாஷிங்டன் இதை இன்னும் முறைப்படி ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே எல்லாமே கொஞ்சம் தாமதமாகத்தான் நடக்கும்.

ஏப்ரல் என்றால் சிங்கப்பூரில் தமிழ்மொழி மாதம். கவியரங்கம், மாறுவேடப் போட்டி, குறள் ஒப்புவித்தல் எல்லாவற்றையும் மற்ற அமைப்புகள் முந்திக்கொண்டு பதிவு செய்துவிட்டதால், 'சிராங்கூன் சங்கநாதம்' என்னும் இணைய ஒளிவழிக்கு மிஞ்சியது பட்டிமன்றம் மட்டுமே. அந்த ஒளிவழியின் நிறுவனர், தலைமை ஆசிரியர், ஒளிப்பதிவாளர், பட்டிமன்ற நடுவர் ஆகிய நால்வரும் துவாரகன் என்ற ஒருவரே. பகலில் காப்புறுதிப் பாலிசி விற்பார். மீதி நேரத்தில் தமிழ்ச் சமூகத்தைச் சிந்திக்க வைப்பார்.

அந்த வாரம் அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்திருந்தான். பிள்ளைகள் செத்துப்போனார்கள். துவாரகன் அதை மூன்று முறை செய்தியாகப் போட்டார். ஒவ்வொரு முறையும் இறந்தவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது, பார்வையாளர்களின் எண்ணிக்கையும் கூடியிருந்தது. இப்படித்தான் தலைப்பு பிறந்தது: 'பள்ளிப் பிள்ளைகளைக் காப்பது எது? துப்பாக்கிக்குப் பூட்டா, ஆசிரியர் கையில் துப்பாக்கியா?'

பூட்டு அணியில் பேச ஆட்கள் வரிசையில் நின்றார்கள். துப்பாக்கி அணிக்கு ஈ காக்கைகூட வரவில்லை. உரிமமில்லாத் துப்பாக்கியை வைத்திருந்தால் பிரம்படி, சுட்டால் தூக்கு என்று சட்டமுள்ள ஊரில், இப்படி ஒரு தயக்கம் ஏன் வருகிறது என்று துவாரகனுக்குப் புரியவே இல்லை. சமூகத்தின் கருத்துச் சமநிலை கெட்டுவிட்டதாக வருந்தி, அருண்ராஜுக்கு ஃபோன் போட்டார்.

அருண்ராஜ் ஜூரோங்கில் கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் வேலையிடப் பாதுகாப்பு அதிகாரி. தலைக்கவசம் போடு, கயிற்றைக் கட்டு, அங்கே நிற்காதே என்று நாள் முழுக்கச் சொல்வது அவன் வேலை. அதை யாரும் காதில் வாங்குவதில்லை. ஆகவே கேட்பதற்கென்றே ஆட்கள் வந்து உட்காரும் பட்டிமன்றங்களை அவன் உயிராய் நேசித்தான்.

"ப்ரோ, போன மாசம் ஆர்மி ரிசர்விஸ்ட் ட்ரெய்னிங் போய்ட்டு வந்தீங்கல்ல?" என்றார் துவாரகன்.

"ஆமா."

"துப்பாக்கியைத் தொட்டீங்களா?"

"தொட்டு, தொடச்சு, திருப்பிக் குடுத்துட்டு வந்தேன்."

"அது போதும். துப்பாக்கி அணித் தலைவர் நீங்கதான்."

"எனக்கு அதுல நம்பிக்கையே இல்ல ப்ரோ. என் தங்கச்சி வேற அமெரிக்காவுல இருக்கா."

"உங்கள யாரு நம்பச் சொன்னா? பேசத்தான் சொல்றேன். பட்டிமன்றம் லா. ஒரு பக்கம் மட்டும் பேசினா அது பிரச்சாரம். நாம நடுநிலை."

நடுநிலை என்பது பத்திரிகைத் துறையின் தவம். ஒருவர் வந்து வீடு எரிகிறது என்றால், எரியவில்லை என்று சொல்ல இன்னொருவரைத் தேடிப் பிடித்து, இருவருக்கும் மைக் கொடுத்து, சரிசமமாக நேரம் ஒதுக்கி, மணியடித்து முடித்து வைப்பது. வீடு என்ன ஆனது என்பது அடுத்த நிகழ்ச்சி. அருண்ராஜ் ஒப்புக்கொண்டான். அணித் தலைவர் பதவி அவனுக்கு அதுவரை கிடைத்ததில்லை.

அவன் தங்கை கவிப்ரியா இருப்பது, அந்தப் பள்ளிக்கூடம் இருந்த ஊருக்கு அடுத்த ஊரில். மகன் ரித்திக் இரண்டாம் வகுப்பு. துப்பாக்கிச்சூடு நடந்த மறுநாளே அவர்கள் ஊர்ப் பள்ளி வாரியம், ஆசிரியர்கள் வகுப்பறைக்குத் துப்பாக்கி கொண்டுவரலாமா என்று வாக்கெடுக்கப் போவதாக அறிவித்துவிட்டது. பெற்றோர் எழுந்து கருத்துச் சொல்லலாம். கவிப்ரியா எதிர்த்துப் பேசப் பெயர் கொடுத்திருந்தாள். புதன்கிழமை அண்ணனை அழைத்தாள்.

"ஆளுக்கு ரெண்டு நிமிஷம்தான்ணே. நான் சிங்கப்பூரைப் பத்தி மட்டும்தான் பேசப்போறேன். நான் படிச்ச ஸ்கூல்ல கணக்கு டீச்சருக்கு மட்டும்தான் பயந்தேன்னு சொல்லப்போறேன்."

"நல்லாருக்கும்மா. அதையே சொல்லு."

"நம்ம ஊரு சேஃபான ஊருன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். நான் சொன்னா வேற யாரும் மாத்திச் சொல்ல முடியாது. என் கையில இருக்கிறது அது ஒண்ணுதான்."

"ரித்திக் எப்படி இருக்கான்?"

"ஸ்கூல்ல ட்ரில் வைக்கிறாங்க. அலமாரிக்குப் பின்னாடி உக்காந்து, அழாம, தும்மாம இருக்கணும். கிளாஸ்லயே இவன்தான் பெஸ்டாம். ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருக்காங்க."

தன் அணி எதுவென்று அருண்ராஜ் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, பட்டிமன்றம்தானே என்று நினைத்துக்கொண்டான். மனசுக்குள் ஏதோ உறுத்தியது. அதை மேடைப் பயம் என்று எடுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை மாடி நிறைந்துவிட்டது. பூட்டு அணித் தலைவர் ஆரபி, தொழிற்கல்லூரி விரிவுரையாளர். ஆய்வுகளை அடுக்கினார், நாடுகளை ஒப்பிட்டார், பேசியது அத்தனையும் உண்மை. உண்மைக்குக் கைதட்டும் பழக்கம் நம் அரங்குகளில் இன்னும் வேரூன்றவில்லை. கீழேயிருந்து வந்த கறி வாசனையில் பாதிப் பேர் கரைந்துகொண்டிருந்தார்கள். அப்போது அருண்ராஜ் எழுந்தான்.

"நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் துப்பாக்கியைப் பற்றிப் படித்திருக்கிறார். நான் அதோடு குடும்பமே நடத்தியிருக்கிறேன்."

அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"தேசிய சேவைக்குப் போன புதிதில் சார்ஜண்ட் அதை என் கையில் கொடுத்துச் சொன்னார், இவள்தான் இனி உன் மனைவி என்று. அவளோடு உண்டேன், நனைந்தேன், காட்டில் உறங்கினேன். ஒரு நாளாவது அவள் யார்மீதும் கோபப்பட்டதுண்டா? இல்லை. கோபப்படுபவன் மனிதன், கெட்ட பெயர் மட்டும் அவளுக்கா? இப்படி ஒருத்தியை ஒவ்வோர் ஆசிரியருக்கும் கட்டி வைத்துவிட்டால், எந்தக் கயவன் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைப்பான்?"

விசில் பறந்தது. அருண்ராஜுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த உற்சாகத்தில் தொடர்ந்தான். அந்த மனைவியைத் தினமும் கிடங்கில் வைத்துச் சங்கிலி போட்டுப் பூட்டுவார்கள் என்றான். வெளியே எடுக்கக் கையெழுத்து, உள்ளே வைக்கக் கையெழுத்து என்றான். ஒருமுறை சுட்டு முடித்தபின் காலித் தோட்டா உறை ஒன்று குறைந்துபோக, படைப்பிரிவு முழுவதும் முழங்காலிட்டு லாலாங் புல்லுக்குள் இருட்டும் வரை தேடியதையும், கடைசியில் அது தேடச் சொன்ன அதிகாரியின் காலணிக்குள்ளிருந்தே விழுந்ததையும் சொன்னான்.

ஆரபி எழுந்து, "நடுவர் அவர்களே, இவர் எங்கள் அணிக்கல்லவா பேசிக்கொண்டிருக்கிறார்," என்றார். கூடமே சிரித்தது. அருண்ராஜும் சிரித்தான். தன் அணியைத் தானே கவிழ்த்துக் காட்டுவது கைதேர்ந்த பேச்சாளனின் வித்தை, அது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். துவாரகன் தீர்ப்பளித்தார்: பள்ளியும் வேண்டும், துப்பாக்கியும் வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமல் இருப்பது நலம். எல்லாரும் கீழே இறங்கிச் சாப்பிடப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை 'சங்கநாதம்' ஒரு சிறு காணொளியை வெளியிட்டது. 'இவள்தான் இனி உன் மனைவி'யில் தொடங்கி 'காலெடுத்து வைப்பான்'இல் முடிந்தது. கீழே ஆங்கில வரிகளைச் செயலி ஒன்று ஓடவிட்டிருந்தது. பேச்சாளர் பெயருக்குக் கீழிருந்த 'வேலையிடப் பாதுகாப்பு அதிகாரி'யை அது சிங்கப்பூரின் பாதுகாப்புத் துறை அதிகாரியாகப் பதவி உயர்த்தியிருந்தது. செவ்வாய்க்கிழமைக்குள் அமெரிக்கத் துப்பாக்கி உரிமைக்காரர்களின் ஒளிவழி ஒன்று அதை எடுத்துப் போட்டது: 'உலகின் பாதுகாப்பான நகரத்திலிருந்து ஓர் உண்மைக் குரல்.'

அருண்ராஜ் துவாரகனை அழைத்தான்.

"ப்ரோ, பூட்டுறதச் சொன்னேனே, அது எங்க?"

"ஃபுல் வீடியோல இருக்கு. நாம எதையும் மறைக்கல. லிங்க் கீழேயே குடுத்திருக்கேன்."

"அத யாரு பாத்தா?"

"நாப்பது பேரு பாத்திருக்காங்க. நானே நாலஞ்சு தடவ பாத்தேன்."

"எடுத்துடுங்க ப்ரோ. என் தங்கச்சி அங்க இதே விஷயத்துக்கு எதிரா பேசப்போறா."

"எடுத்தா துப்பாக்கி அணியோட குரல நசுக்கினதா ஆயிடும். மனசாட்சி இடம் குடுக்கல. ஆரபியோட வீடியோவையும் போட்டிருக்கேன், ஈக்வல் லா. பாக்காதது மக்களோட உரிமை."

பத்திரிகை தர்மத்துக்குத் தலைவணங்கி அருண்ராஜ் ஃபோனை வைத்தான். கவிப்ரியாவின் கூட்டத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அப்போதே அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் பின்னூட்டங்களை அவன் இன்னும் படித்து முடிக்கவில்லை. தாடிக்காரர் ஒருவர், சகோதரா, டெக்சஸுக்கு வா, மாட்டிறைச்சி விருந்து வைக்கிறேன் என்று எழுதியிருந்தார். இன்னொருவர் அவனை ஆளுநராக்க வேண்டும் என்றார். தளத்தின் கேண்டீனில், தலைக்கவசம் போடச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ரியாஸ், ஓடி வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டான். அருண்ராஜுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடுதான் படத்துக்குச் சிரித்தான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தவன், மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை கவிப்ரியாவே அழைத்தாள். அங்கே கூட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது.

"நான் பேசி முடிச்சேண்ணே. நெறைய பேரு தலையாட்டினாங்க. பக்கத்துல ஒரு அம்மா கையப் புடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் தொப்பி போட்ட ஒருத்தரு எழுந்தாரு. ரொம்ப மரியாதையான மனுஷன். அந்த லேடி சிங்கப்பூருன்னாங்க, என்கிட்டயும் ஒரு சிங்கப்பூர் ஆபீசர் இருக்காருன்னு பெரிய ஸ்க்ரீன்ல போட்டாரு."

அருண்ராஜ் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"மனைவின்னு நீ சொன்ன இடத்துல எல்லாரும் சிரிச்சாங்க. நம்ம ஊருல சிரிச்ச மாதிரியேதான் இருந்துச்சு. இவரைத் தெரியுமான்னு ஸ்கூல் போர்டு தலைவர் என்கிட்ட கேட்டாரு. என் அண்ணன்னு சொன்னேன்."

"ப்ரியா, அது பட்டிமன்றம்மா. முழுசா பாத்தா..."

"அதத்தான் நானும் சொன்னேன். பட்டிமன்றத்த இங்கிலீஷ்ல நீயே சொல்லிப் பாருண்ணே. எங்க ஊருல மனசுல இல்லாதத மேடையில அழகா பேசுவோம், எல்லாரும் கைதட்டுவாங்கன்னு சொன்னேன். அப்போ நீங்க இப்போ பேசினதும் அதானான்னு தலைவர் கேட்டாரு. அவரு கேட்டதுல தப்பில்ல. எனக்குப் பதில் வரல."

"ஓட்டு?"

"பாஸ் ஆயிடுச்சு."

செய்தி அறிந்ததும் துவாரகன் மெய்ம்மறந்தார். ஒரு தமிழ்ப் பட்டிமன்றம் அமெரிக்கச் சட்டத்தையே அசைத்திருக்கிறது, இதைவிடத் தமிழ்மொழி மாதத்துக்கு என்ன பெருமை வேண்டும் என்றார். சமூகப் பொறுப்போடு உடனே ஒரு தொடர் நிகழ்ச்சியும் அறிவித்தார்: 'அருண்ராஜ் பேசியது சரியா, தவறா?'

"நீங்களும் வரணும் ப்ரோ. உங்க பேச்சப் பத்தி நீங்களே பேசலேன்னா எப்படி?"

அருண்ராஜுக்கு அவர்மேல் பாய வேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்தான்.

"எந்த அணி?" என்று கேட்டான்.

கேட்டுவிட்டு, அதைத் தன் காதாலேயே கேட்டபின், ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு தளத்தின் வாசலுக்கு வந்தான். கப்பலின் பக்கவாட்டில் ஒருவன் கயிறில்லாமல் ஏறிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டுக் கண்டிக்கவும் இவனுக்கு வாய் வரவில்லை.

இரண்டு வாரம் கவிப்ரியா அழைக்கவில்லை. மூன்றாவது வாரம் அழைத்தாள். குரல் சாதாரணமாக இருந்தது. சாப்பாட்டைப் பற்றி விசாரித்தாள், மழையைப் பற்றி விசாரித்தாள்.

"ரித்திக் டீச்சருக்குக் குடுத்துட்டாங்கண்ணே. இடுப்புல மாட்டியிருக்காங்க. இவன் முதல் பெஞ்சு."

"பயப்படுறானா?"

"பயமா? கிளாஸ் முழுக்க அவன்தான் இப்போ ஹீரோ. உன் வீடியோவ எல்லாப் பிள்ளைங்களும் பாத்திருக்கு. டீச்சர் துப்பாக்கி எங்க மாமா குடுத்ததுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறான். நான் இல்லேன்னு சொன்னா அழறான்."

அருண்ராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் விடவில்லை.

"அவனுக்குக் காது குத்தினப்போ லீவு கெடைக்கல, உன்னால வர முடியல. அம்மாகூட வருத்தப்பட்டாங்க. இனிமே அந்தக் குறை இல்லண்ணே. தாய்மாமன் சீரு வந்து சேந்துடுச்சு."