மானியத்தில் வந்த மணப்பெண்

பதினேழு சிங்கி இறால் கூண்டுகளை அடுக்கிய பிறகும் அது தெரிந்தது. எல்வுட் பீல் சாலை வரை நடந்து போய்த் திரும்பிப் பார்த்தார். வீட்டின் பக்கச் சுவரோரம், கூண்டுகளுக்கு மேலே, ஹீட் பம்பின் வெள்ளை நெற்றி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து இன்னும் எட்டுக் கூண்டுகளை ஏற்றி, மேலே ஒரு நீலத் தார்ப்பாயையும் போர்த்தினார். இடது தோள் விண்விண் என்று தெறித்தது.

எல்லாம் அந்தத் தோளால் வந்த வினை. நாற்பது வருடம் கடலில் கூண்டு இழுத்த தோள். "இன்னும் ஒரு குளிர்காலம் விறகு பிளந்தீங்கன்னா அந்தக் கை உங்களுது இல்ல" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெய்ன் மாநிலத்தின் கடற்கரையில் விறகு பிளக்க முடியாதவன் ஒன்று எண்ணெய் வாங்கி எரிக்க வேண்டும், அல்லது ஃப்ளோரிடாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். எண்ணெய் விலைக்கு எல்வுடின் ஓய்வூதியம் காணாது. மகள் வீட்டில் மூன்று பூனைகள்.

மீதி இருந்தது ஹீட் பம்ப்தான், வெளிக்காற்றிலிருந்தே சூட்டை இழுத்து வீட்டுக்குள் விடும் மின்சார மெஷின். விலையில் பாதிக்கு மேல் மாநில அரசு மானியம். மிச்சத்துக்கும் அரசே ஏற்பாடு செய்த குறைந்த வட்டிக் கடன். மெஷினை மாட்டிய பிறகு சோதனைக்கு ஒருவர் வந்து பார்த்து, எல்லாம் சரி என்று எழுதினால் மானியம் கைக்கு வரும். எழுதாவிட்டால் முழுத் தொகையும் அவர் தலையில். படகை விற்றால்தான் அடையும்.

இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஸ்பர்லிங் துறை என்ற அந்த மீனவ ஊரில் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன், மார்ச் மாத ஊர்க் கூட்டத்தில், ஊர் மண்டபத்துக்கு ஹீட் பம்ப் வைக்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. எல்வுட் எழுந்து இருபது நிமிடம் பேசினார்.

"வெளிய இருக்கிற குளிர்லேர்ந்து சூடு எடுக்குமாம். அப்ப ஐஸைப் பிழிஞ்சு காபி போடலாம், வாங்க" என்றார். ஊரே சிரித்தது. சிரிப்பு கொடுத்த போதையில் அத்தோடு நிறுத்தாமல், "அரசாங்கக் காசுல முதுகு காயிறவன் எவனா இருந்தாலும் சரி, அவனோட ஒரே மேஜையில நான் காபி குடிக்க மாட்டேன்" என்றும் சொல்லிவைத்தார். கூட்டாளிகள் மூவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தீர்மானம் தோற்றது.

அந்த மூவரோடுதான் அவர் தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு ஹார்லன் அல்லியின் கடையில் காபி குடிப்பார். ஹார்லன் கடைக்காரர். டெல்மர் படகு ரிப்பேர் பார்க்கிறவர். வின்ஃபீல்டு சர்ச்சில் மணி அடிக்கிறவர். மனைவி இறந்த பிறகு எல்வுடுக்கு மனிதக் குரல் கேட்பது அந்த ஒரு மணி நேரம்தான். அதை இழக்க அவருக்குப் பயமாக இருந்தது.

கூண்டு அடுக்கி முடித்ததும் அடுத்த பிரச்சினை தலைக்கு மேலே இருந்தது. புகைபோக்கியில் புகை இல்லை. ஜனவரியில் புகையில்லாத வீடு என்றால் உள்ளே இருப்பவன் செத்துவிட்டான் என்று அர்த்தம். யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். ஆகவே போன வருடம் பிளந்து வைத்திருந்த விறகில் நாலைந்து கட்டையை எடுத்துக் கணப்பு அடுப்பில் போட்டார். ஹீட் பம்பும் ஓட, அடுப்பும் எரிய, வீடு ரொட்டி சுடும் பதத்துக்கு வந்தது. எல்வுட் வெறும் பனியனோடு உட்கார்ந்து, எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டார். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நாலு டிகிரி.

இந்த நிலையில்தான் செவ்வாய்க்கிழமை ஜோவான் மிஷோ வந்தார். மானிய அலுவலகத்துச் சோதனைக்காரர். ஐம்பது வயதிருக்கும், காதுவரை இழுத்த தொப்பி, கையில் ஒரு அட்டையும் அளவு நாடாவும். திறந்த ஜன்னல்களைப் பார்த்தார். எரிகிற அடுப்பைப் பார்த்தார். எல்வுடின் பனியனைப் பார்த்தார். படுக்கையறைக்குப் போய்ச் சுவரை அளந்தார். பிறகு வெளியே போய்த் தார்ப்பாயைத் தூக்கினார்.

"பீல் சார், இதுக்கு மூச்சு விட இடம் வேணும். நீங்க அடக்கம் பண்ணி வெச்சிருக்கீங்க."

"பனி விழும்னு மூடினேன்."

"பனி விழும்னுதான் இதைச் செஞ்சிருக்காங்க. சுத்தி ஒரு பொருள் இருக்கக் கூடாது. உள்ள அடுப்பு எரியக் கூடாது, எரிஞ்சா மெஷின் எவ்வளவு சூடு குடுக்குதுன்னு நான் எப்படி அளக்க? வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு மறுபடி வரேன். அன்னைக்கும் இப்படியே இருந்தா ஃபைலை மூடிடுவேன். இந்த வருஷத்து மானியம் அத்தோட சரி."

அவர் கார் கிளம்பிப் போன ஐந்தாவது நிமிடம் எதிர்ச்சாரியிலிருந்து லோர்னா வந்தாள். தபால் நிலையம் அவள் பொறுப்பு. அதன் ஜன்னல் எல்வுடின் வாசலைப் பார்த்துத்தான் இருக்கிறது, அவளும் வேலை நேரம் முழுவதும் அந்த ஜன்னலில்தான் இருப்பாள்.

"யாரு எல்வுட் அந்தப் பொம்பளை?"

"தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவங்க எதுக்கு டேப்பை எடுத்துக்கிட்டு உன் படுக்கை ரூம்ல நிக்கிறாங்க? ஜன்னல் திறந்திருந்துச்சு, கண்ணுல பட்டுச்சு."

எல்வுடுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பழக்கமில்லாதவர்கள் உண்மைக்குப் பக்கத்திலேயே எதையாவது தேடுவார்கள்.

"வீடு பாக்க வந்தாங்க" என்றார்.

மறுநாள் விடியற்காலை கடைக்குள் நுழைந்ததுமே டெல்மர் மேஜையில் ஒரு காகிதத்தைத் தள்ளினார். "வீட்டை விக்கிறியாமே. ஒரு வார்த்தை சொல்லலியேடா. என் தம்பி பையன் வாங்கிக்கிறானாம், விலை எழுதிக் குடுத்திருக்கான். ஃப்ளோரிடாவுக்கா போற?"

"யார்டா சொன்னா விக்கிறேன்னு?"

"வீடு பாக்க ஆள் வந்துச்சுன்னு லோர்னா சொன்னா."

"வாங்கவா வந்தாங்க? வீடு பிடிச்சிருக்கா, அவங்களுக்கு ஒத்துவருமான்னு பாக்க வந்தாங்க. அவ்வளவுதான்."

ஹார்லன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். வின்ஃபீல்டு தொப்பியைக் கழற்றினார்.

"ஒத்துவருமான்னா..." என்று ஹார்லன் மெதுவாக இழுத்தார். "அங்க வந்து இருக்கிறதுக்கா?"

எல்வுட் தான் சொன்னதை ஒருமுறை மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தார். காலம் கடந்திருந்தது. வீட்டை விற்கவில்லை, வாடகைக்கும் விடவில்லை, ஒரு பெண்மணி படுக்கையறையை அளந்திருக்கிறார். இதற்கு இந்த ஊரில் இன்னொரு அர்த்தம் கிடையாது. இல்லை என்றால் எதற்கு வந்தாள் என்று கேட்பார்கள்.

"இன்னும் முடிவாகல" என்றார்.

"கள்ளா" என்று டெல்மர் அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். அதே இடது தோளில்.

வியாழக்கிழமைக்குள் மூன்று வீடுகளிலிருந்து சாப்பாடு வந்துவிட்டது. மணமாகப்போகிறவன் மெலிந்திருக்கக் கூடாது என்று ஒருத்தி வெல்லப்பாகு ஊற்றிய அவரைக்கொட்டைப் பானையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். தோள் வலியோடு எல்வுட் இருபத்தைந்து கூண்டுகளையும் ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்ததை லோர்னா பார்த்தாள். "புதுசா வர்றவளுக்காக வீட்டைச் சுத்தம் பண்றான் பாவம்" என்று ஊருக்குச் சொன்னாள். கூண்டை எடுத்ததும் மெஷின் வெட்டவெளியில் நின்றது. அதற்கு முன்னால் வழியை அடைத்து நிற்கும்படி தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். நல்ல தூரம் தள்ளித்தான் நிறுத்தினார், மூச்சு விடட்டும் என்று.

உள்ளே சுவரில் மாட்டிய பாகத்தை மறைக்க, மனைவி தைத்த ஒட்டுத்துணிப் போர்வையை அதன் மேலே ஆணியில் தொங்கவிட்டார். அது கொடி மாதிரி படபடத்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜோவான் வருவார், பார்ப்பார், எழுதுவார், போவார். அதற்கப்புறம் கல்யாணம் முறிந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். எல்வுட் இப்படித்தான் கணக்குப் போட்டிருந்தார். ஒன்பதரைக்கு வாசலில் மூன்று ஜோடி பூட்ஸ் தட்டும் சத்தம் கேட்டது.

"பொண்ணு வர்றாளாமே இன்னைக்கு" என்றார் ஹார்லன். கையில் காபி மணக்கும் பிராந்திப் புட்டி. "லோர்னா சொன்னா. அவங்க கார்ல ஏறும்போது 'வெள்ளிக்கிழமை பத்து மணி'ன்னு சொன்னது தபாலாபீஸ் வரைக்கும் கேட்டுச்சாம். உனக்குன்னு ஆள் வேணாமா? நாங்க இருக்கோம்."

பின்னால் வின்ஃபீல்டு, மனைவி சுட்டுக் கொடுத்த ஆப்பிள் பலகாரத் தட்டை இரு கையிலும் தாங்கியபடி. டெல்மர் கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். அவரை எல்வுட் அந்தக் கோலத்தில் கடைசியாகப் பார்த்தது ஒரு சாவு வீட்டில்.

"காலையில வேண்டாம்டா, அப்புறம் வாங்க" என்று எல்வுட் வாசலை மறித்தார்.

"வெக்கப்படறான்" என்று டெல்மர் அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தார்.

இனி எல்லாம் முடிந்தது என்று எல்வுட் நினைத்தார். அடுப்பில் ஒரு பொறி நெருப்பு இல்லை, ஆனால் வீடு இதமாகச் சூடாக இருந்தது. ஒரு குருடன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். ஆனால் டெல்மர் நேராக அந்தச் செத்த அடுப்பின் முன்னே போய்க் குனிந்து, இரண்டு கையையும் நீட்டித் தேய்த்துக்கொண்டார்.

"என்ன இருந்தாலும் விறகுச் சூடு விறகுச் சூடுதான்" என்றார்.

"அதுல என்ன சந்தேகம்" என்றார் ஹார்லன், அடுப்பைப் பார்க்காமல்.

சுவரில் போர்வை ஆடியது. வின்ஃபீல்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஜன்னல்ல சந்து இருக்கு போல" என்று சொல்லிவிட்டுப் பலகாரத் தட்டை மேஜையில் வைத்தார்.

எல்வுடுக்கு ஒன்றும் புரியவில்லை. இவர்களுக்கு வயதாகிவிட்டதா, அல்லது கல்யாண வீட்டில் குறை சொல்லக் கூடாது என்ற மரியாதையா? மரியாதையாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தார். இவ்வளவு நல்லவர்களை நாலு நாளாக ஏமாற்றிக்கொண்டிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம். ஹார்லன் நான்கு கோப்பையிலும் பிராந்தியை ஊற்றி, தன்னுடையதை உயர்த்தி, கதவைப் பார்த்து நின்றார். கதவு திறந்தது.

"ஸ்பர்லிங் துறைக்கு நல்வரவு. எங்க எல்வுடு குடுத்துவெச்ச..." என்று ஆரம்பித்த ஹார்லன் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

ஜோவான் மிஷோ தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். ஹார்லனைப் பார்த்தார். டெல்மரைப் பார்த்தார். டெல்மர் தன் பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதற்குக் குனிந்தார். அது கயிறில்லாத ரப்பர் பூட்ஸ். வின்ஃபீல்டு மேஜையிலிருந்த பலகாரத் தட்டை மறுபடி எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"நிறைய பேர் இருக்கீங்க" என்றார் ஜோவான். போர்வையை ஆணியிலிருந்து எடுத்து ஒழுங்காக மடித்து நாற்காலியில் வைத்தார். மெஷினுக்குக் கீழே கருவியைப் பிடித்து அளந்தார். வெளியே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். அட்டையில் ஒவ்வொன்றாக எழுதினார்.

மெஷின் மெல்ல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. நாலு பேருக்கும் அது நன்றாகக் கேட்டது. எல்வுடால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"இங்க பாருங்கடா" என்றார். "கல்யாணமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இவங்க மானிய ஆபீஸ்லேர்ந்து வந்திருக்காங்க. சுவத்துல இருக்கிறது ஹீட் பம்ப். அரசாங்கக் காசு, அரசாங்கக் கடன். தோள் போயிடுச்சு, விறகு பிளக்க முடியல, வாங்கிட்டேன். ஊர்க் கூட்டத்துல நான் சொன்ன வார்த்தை எனக்கு ஞாபகம் இருக்கு. நாளையிலேர்ந்து அந்த மேஜைக்கு நான் வரமாட்டேன். நீங்க மூணு பேரும் என்னை மாதிரி இல்லாம சொன்ன சொல்லுல நின்னவங்க. உங்க முகத்தைப் பாக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தார். ஹார்லன் கூரையைப் பார்த்தார். டெல்மர் இன்னும் இல்லாத கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். பலகாரத் தட்டுக்குப் பின்னாலிருந்து வின்ஃபீல்டின் இரண்டு காதுகள் மட்டும் தெரிந்தன. அவை நன்றாகச் சிவந்திருந்தன.

ஜோவான் கடைசிக் கட்டத்தில் ஒரு சரி போட்டு, காகிதத்தை எல்வுட் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினார்.

"எல்லாம் சரியா இருக்கு, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க பீல் சார். இதே மெஷினைப் பாக்க ஹார்லன் சார் வீட்டுக்குப் போனப்ப நான் கிணத்துத் தண்ணி சோதிக்கிறவ, டெல்மர் சார் வீட்டுல அவங்க அக்கா மக, வின்ஃபீல்டு சார் வீட்டுல பைபிள் விக்கிறவ. இந்த ஊர்ல என்னைக் கல்யாணப் பொண்ணா ஆக்கினது நீங்க ஒருத்தர்தான்."