சுந்தரபாண்டியனின் சானிடைசர்

ஊருக்குள் ஒரு காய்ச்சல் நுழைந்தால் பின்னாலேயே நிலவேம்புக் கஷாயம் வரும், கொசு மருந்துப் புகை வரும், கூடவே ஒரு மனித இனமும் கிளம்பி வரும். கிருமி பார்க்கிறவர்கள். உங்கள் தெருவில் இல்லையா? நன்றாகப் பாருங்கள். காய்ச்சலே வராமல் காய்ச்சல்காரனைவிட அதிகம் அவதிப்படுகிறவர் எவரோ, அவர்தான்.

ராஜபாளையத்தில் எனக்குத் தெரிந்தவர் சுந்தரபாண்டியன், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எல்லையில் குண்டுக்கு அஞ்சாத மனிதர் கொரோனா காலத்தில் தும்மலுக்கு அஞ்சத் தொடங்கினார். கொரோனா போய்விட்டது, அச்சம் போகவில்லை. பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவார், கத்தரிக்காயை மஞ்சள் தண்ணீரில் ஊறவைப்பார், கை கழுவியதும் குழாயைக் கழுவுவார், குழாயைத் தொட்டுவிட்டோமே என்று மறுபடி கையைக் கழுவுவார். இதற்கு முடிவே இல்லையா? உண்டு, தொட்டி காலியானால்.

"ஒரு டாக்டரப் பாப்பமா?" என்பார் மனைவி வெங்கடேஸ்வரி.

"ஏட்டி, அம்புட்டுக் கிருமியும் ஆஸ்பத்திரியிலதான இருக்கு!"

போன மாதம், டெங்கு டெங்கு என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், மகள் மாரிக்கனிக்குப் பூ வைக்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பல இடம் தட்டிப்போய் அமைந்த சம்பந்தம். பெண்ணுக்கும் பையனைப் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் தாய் வெள்ளத்தாய், கோயிலில் கேட்டு வாங்கிய மாலையைத் தட்டோடு நீட்டினார்.

"போட்டுக் கழத்துனதா?" என்றார் சுந்தரபாண்டியன்.

"ஆமா, ஆண்டாளு போட்டது."

"அப்பச் செத்த நேரம் பொறுங்க." சட்டைப் பையிலிருந்து சானிடைசரை எடுத்து, மாலையின் முன்னும் பின்னும் பீச்சினார்.

சூடிக் கழற்றிய மாலைதான் வேண்டும் என்று பெருமாளே கேட்டு வாங்கிய ஊர்க்காரர்களிடம்! வெள்ளத்தாய் தட்டை இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"பெருமாளுக்கு ஆகும், ஒங்களுக்கு ஆகாதோ? நாளைக்கு எம் புள்ளையவும் இப்படித்தான நனைப்பிய?"

மாரிக்கனி ஓடிவந்து, ஸ்பிரிட் நாறும் மாலைக்குக் கீழே தலையைக் குனிந்தாள். "போட்டு விடுங்கத்தே. அங்க வந்தா நான் குழாய மூடித்தான் வைப்பேன்."

வெள்ளத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாலை விழுந்தது.

"அப்பா, வாங்க, துன்னூறு பூசி விடுங்க" என்று மகள் கூப்பிட்டாள். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போனார். போனவர் வருவதற்குள் எல்லாரும் சேர்ந்து படமெடுத்து, வந்தவர்கள் காரில் ஏறியும் போய்விட்டார்கள். அந்தப் படத்தில் அப்பா இல்லை. கேலி செய்யப் போன நான், படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறதா? இருக்கட்டும். இந்தப் புத்தகம் நூலகத்தில் எடுத்ததுதானே? உங்களுக்கு முன்னால் படித்தவர், விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவராமே?

எங்கே எழுந்திருக்கிறீர்கள்? குழாய் எங்கும் ஓடிவிடாது, உட்காருங்கள். உள்ளே உங்களைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள்.