இடிந்து நிற்க வேண்டிய தேவாலயம்

திங்கட்கிழமை மாலை மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, சாப்பாட்டு மேஜையின் மேல் இடிந்து கிடக்க வேண்டிய தேவாலயக் கோபுரம் இடியாமல் நின்றுகொண்டிருந்தது.

ஒரு கால் செருப்போடு உள்ளே ஓடினார். காலையில் கிளம்பும்போது பாதியில் ஒடிந்து, ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக எவ்வளவு லட்சணமாக இருந்த கோபுரம்! இப்போது நாலு பக்கமும் அடைத்து, உச்சியில் கூம்பு வைத்து, வெள்ளையடித்தும் ஆகிவிட்டது. இரண்டு மாதம் பார்த்துப் பார்த்து இடித்த இடிசல் ஒரே பகலில் காணாமல் போயிருந்தது.

“எப்படி மாப்பிள்ளை?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மாமனார் கையில் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தோடு நின்றார். முப்பத்தைந்து வருஷம் கட்டட மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கண் பரிசோதனைக்கு என்று இரண்டு நாள் தங்க வந்தவர். எந்த ஊருக்குப் போனாலும் ரசமட்டம் இல்லாமல் போகமாட்டார்.

“பாதியில நின்னு போயிருந்துச்சு. நீங்களும் ஆபீஸ் போற ஆளு, எங்க நேரம்? அதான் நானே முடிச்சு வெச்சேன். செவுரு ஒரு நூல் சாஞ்சிருந்தது, அதையும் நிமித்திட்டேன்.”

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். சமையலறை வாசலில் நின்ற மனைவி கண்ணை உருட்டினாள். திறந்த வாய்க்கு ஒரு வேலை கொடுத்தாக வேண்டும்.

“பிரமாதம் மாமா! கட்டடம்னா இதுதான் கட்டடம்!”

உள்ளே போனதும் மனைவியைப் பிடித்துக்கொண்டார். “அது இடிஞ்சுதான் இருக்கணும். உனக்குத் தெரியும்ல? சொல்லியிருக்கலாமே!”

“நான் பாக்கறதுக்குள்ள அப்பா பாதி முடிச்சிட்டார். அப்புறம் எப்படிங்க சொல்றது? ரிட்டயரானதுலேர்ந்து கையில வேலையில்லாம இருக்கிற மனுஷன். மனசு நோகக் கூடாது. இடிஞ்சா என்ன, முழுசா இருந்தா என்ன, பொம்மைக்கா தெரியப்போகுது?”

பொம்மைக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பொம்மைகளை வைத்து விளையாடுகிறவர்களுக்குத் தெரியும்.

மாப்பிள்ளைக்கு மருந்துக் கம்பெனியில் உத்தியோகம். பாட்டிலில் ஒட்டிய லேபிள் நேராக இருக்கிறதா என்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை பார்க்க வேண்டும். பதினோரு வருஷமாக நேரானதையே பார்த்து அலுத்துப்போன மனுஷனுக்குக் கோணல்மாணலாக ஏதாவது செய்யத் தோன்றியதில் தப்பில்லை. மேஜைப் போர் விளையாட்டுக் கழகம் ஒன்றில் சேர்ந்தார். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட அங்கே ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடி, இரண்டு விரற்கடை உயரப் பொம்மைப் படைகளை ஒரு பெரிய மேஜையில் நிறுத்தி, டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள்.

அந்தச் சண்டைக்குக் களமாகத்தான் பழங்கால ஐரோப்பியக் கோதிக் பாணிக் கட்டடங்கள். கூர்நுனி வைத்த ஜன்னல்கள், சுவருக்கு வெளியே முட்டுக் கொடுக்கும் வளைவுகள், கூரை விளிம்பில் வாயைப் பிளந்த பூதம். எல்லாம் தெர்மோகோலும் காலண்டர் அட்டையும் ஐஸ் குச்சியும்தான். மை தீர்ந்த பேனாவால் கீறினால் செங்கல் வரிசை. காப்பித்தூள் சக்கையைக் காயவைத்துத் தூவினால் இடிபாட்டு மண். எல்லாவற்றையும்விட முக்கியம், கட்டடம் இடிந்திருக்க வேண்டும். சுவரில் ஓட்டை இருந்தால்தான் பொம்மை வீரன் உள்ளே நுழைவான். கூரை இல்லாவிட்டால்தான் ஆடுகிறவரின் கை உள்ளே போகும்.

நாலு வருஷமாக மாப்பிள்ளையின் கட்டடங்களுக்கு மேஜையின் ஓரம்தான் கிடைத்தது. ஒரு தடவை அவருடைய மணிக்கூண்டின் மேல் யாரோ காப்பி டம்ளரை வைத்துவிட்டார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு கழகம் விருந்தாளியாக வருகிறது. தலைவரே போன் செய்து, “இந்தத் தடவை நடு மேஜையில உங்க தேவாலயம்தான்” என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மாப்பிள்ளை இரண்டு லேபிளைக் கோணலாகவே விட்டுவிட்டார், அவ்வளவு சந்தோஷம்.

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் தேவாலயம் இடிந்தாக வேண்டும். மாமனார் மனசு மட்டும் இடியக் கூடாது.

மாமனார் தினமும் மாலை ஆறு மணிக்கு நடைப்பயிற்சிக்குப் போய் ஆறரைக்குத் திரும்புவார். செவ்வாய்க்கிழமை அந்த அரை மணி நேரத்தில் மாப்பிள்ளை வேலையை முடித்தார். கூம்பைப் பிய்த்து, சுவரை நெம்பி, ஓரங்களைப் பிசிறாக்கி, சக்கையைத் தூவினார். பழைய லட்சணம் முக்கால்வாசி வந்துவிட்டது.

மாமனார் வந்து பார்த்தார். மேஜையைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். சக்கை ஒட்டியிருந்த மாப்பிள்ளையின் விரல்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“விழுந்துடுச்சு மாமா” என்றார் மாப்பிள்ளை.

“விழுந்துடுச்சா?”

“தானா.”

பெரியவர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். தன் கைவேலை விழுந்ததே என்று எப்படித் துடிக்கிறார் பாவம் என்று மாப்பிள்ளை நினைத்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே!

“அதனால என்ன மாமா? நீங்க கட்டினது எவ்வளவு அழகா இருந்துச்சு! பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருந்துச்சு.”

புதன்கிழமை மாலை தேவாலயம் மறுபடியும் முழுசாக நின்றது. இந்தத் தடவை உள்ளே மூங்கில் குச்சி முட்டு, வெளியே பிளாஸ்டர் பூச்சு. கூர்நுனி ஜன்னல் ஒவ்வொன்றின் மேலும் மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்கச் சின்னதாக ஒரு சன்ஷேடு.

“என்னங்க, நல்லாயிருக்குன்னு சொல்லுங்க” என்று மனைவி காதோடு சொன்னாள். சொன்னார். ஆறு மணிக்கு மாமனார் படியிறங்கிய சத்தம் கேட்டதும் காய் நறுக்கும் கத்தியோடு மேஜைக்குப் போனார்.

ஆறரைக்கு மாமனார் கேட்டார்: “மறுபடியும் தானாவா?”

தினமும் தானாக விழுந்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்று மாப்பிள்ளைக்கே தோன்றியது. “இல்ல மாமா, எதிர் வீட்டுப் பூனை. ஜன்னல் வழியா வந்து ஒரே தாவு!”

மாமனார் குனிந்து உடைந்த சுவரைத் தடவிப் பார்த்தார். கத்தி நேராக இறங்கிய இடம் அது. பிறகு ஜன்னலைப் பார்த்தார். அது சாத்தியிருந்தது.

“பூனையா? சரி, பூனைன்னா பூனை” என்று சொல்லிவிட்டு, கைகால் கழுவப் போனார்.

மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் இந்த உரையாடலைச் சமையலறையிலிருந்து கேட்ட மனைவி, வியாழக்கிழமை காலை எதிர் வீட்டுக்குப் போய்ப் பூனையைக் கட்டிப்போடச் சொன்னாள். பூனைக்குச் சொந்தக்காரரான பாட்டு வாத்தியார் பூனையைக் கூடையோடு தூக்கிக்கொண்டே நியாயம் கேட்க வந்துவிட்டார்.

“இதுக்குப் பின்னங்கால் ரெண்டும் வராது சார்! மூணு வருஷமா இந்தக் கூடையிலதான் கிடக்குது. இது உங்க வீட்டு ஜன்னல்ல தாவிச்சா?”

மாப்பிள்ளை கூடையில் கிடந்த பூனையைப் பார்த்தார். பூனையும் அவரைப் பார்த்தது. மன்னிப்புக் கேட்டு, ஒரு டம்ளர் பாலும் கொடுத்து அனுப்பினார்கள். மாமனார் மட்டும் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமையும் கட்டினார், வியாழக்கிழமையும் விழுந்தது. காரணம் கேட்கும் வழக்கம் அத்தோடு நின்றது.

வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்து வந்த மாப்பிள்ளை, வாசலில் அரை மூட்டை சிமென்டைப் பார்த்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேவாலயத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“மூணு வேளை தண்ணி காட்டணும் மாப்பிள்ளை. இல்லன்னா விரிசல் விடும். உள்ள கம்பி கொடுத்திருக்கேன். அஞ்சு இடத்துல பில்லர். இனிமே பூனை இல்ல, யானையே தாவினாலும் அசையாது.”

அசையாது என்பது பார்த்தாலே தெரிந்தது. கூரை முழுக்கத் தளம் போட்டாகிவிட்டது. வாசலுக்கு மரக்கதவு, கதவில் நிஜமான குட்டிப் பூட்டு. கோபுரத்தின் உச்சியில், வாய் பிளந்த பூதத்துக்குப் பக்கத்தில், கறுப்பாக ஒரு தண்ணீர்த் தொட்டி.

“தொட்டி எதுக்கு மாமா?”

“இவ்வளவு பெரிய கட்டடத்துக்குத் தண்ணி வேணாமா?”

அன்றைக்கு மாமனார் நடக்கப் போகவில்லை. “ஈரம் காயறவரைக்கும் பக்கத்துலயே இருக்கணும்” என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பாராட்டினார்.

கடைசி வாய்ப்பு சனிக்கிழமை மதியம். தள்ளிக்கொண்டே போன கண் பரிசோதனைக்கு மாமனாரை மனைவியோடு வலுக்கட்டாயமாக அனுப்பிவைத்தார். கதவைத் தாழிட்டார். பரணிலிருந்து சுத்தியலை எடுத்தார்.

முதல் அடிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது அடிக்குச் சுத்தியலின் பிடி ஆடியது. மூன்றாவது அடியைக் கடவுளே என்று கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் ஓங்கிப் போட்டார். பெரிய சத்தம். கண்ணைத் திறந்தார். சாப்பாட்டு மேஜையின் இரண்டு கால்கள் முறிந்து, பலகை சரிந்து கிடந்தது. தேவாலயம் சறுக்கிக்கொண்டு இறங்கி, தரையில் செங்குத்தாக நின்றது. அதற்குக் கீழே ஒரு டைல்ஸ் விரிசல் விட்டிருந்தது.

டாக்டர் ஊரில் இல்லை என்று போன வேகத்தில் திரும்பி வந்த இருவரும் கதவைத் தட்டினார்கள்.

“என்னங்க சத்தம்?” என்று மனைவி உள்ளே வந்து மேஜையைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

மாமனார் அவளைத் தாண்டி ஓடினார். தரையில் மண்டியிட்டு, தேவாலயத்தின் மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நின்றது. பெரியவர் முகத்தில் இந்த ஒரு வாரத்தில் பார்க்காத பூரிப்பு.

“மேஜை போச்சு, கட்டடம் நிக்குது! பாத்தீங்களா மாப்பிள்ளை, நிக்குது! எனக்கு இது போதும்!”

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் மாப்பிள்ளை சுத்தியலைக் கீழே போட்டார். நாலு வருஷம் காத்திருந்த நடு மேஜை போனால் போகிறது. ஒரு மனுஷனுக்கு இந்த வயசில் இப்படி ஒரு சிரிப்பைக் கொடுக்க முடிந்ததே! நெஞ்சு விம்மியது. தன்னைப் போல ஒரு மருமகன் கிடைப்பது கஷ்டம் என்றுகூடத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தைக் கழகத்துக்குத் தூக்கிக்கொண்டு போக ஆட்டோக்காரரும் ஒரு கை கொடுக்க வேண்டியிருந்தது. உள்ளே கூட்டமாக இருந்ததால் கூட வந்த மாமனார் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

நடு மேஜையில் வைத்ததும் மேஜை முனகியது. விருந்தாளிகளின் கேப்டன் தன் பொம்மைப் படையோடு சுற்றிச் சுற்றி வந்தார்.

“இதுக்குள்ள எப்படிப் போறது?”

“கதவு வழியாத்தான்” என்றார் மாப்பிள்ளை.

“பூட்டியிருக்கே.”

“சாவி வீட்டுல இருக்கு.”

கழகத் தலைவர் அவரைத் தனியாக அழைத்துப் போனார். “சார், நான் இடிஞ்ச தேவாலயம் கேட்டேன். நீங்க தண்ணித் தொட்டி வெச்சுக் கொண்டு வந்திருக்கீங்க. என் மானம் போகுது சார்!”

ஐந்து பேர் சேர்ந்து தேவாலயத்தை இறக்கி, காற்றில் அடித்துக்கொண்டிருந்த பக்கவாட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். கதவு அதன் பிறகு அசையவில்லை. நடு மேஜைக்கு யாரோ போன வருஷம் செய்த உடைந்த மாதா சிலை போனது. மாப்பிள்ளைக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார்.

“என்ன மாப்பிள்ளை, என்ன சொன்னாங்க?” மாமனார் எழுந்து நின்றார்.

உண்மையைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. கொடுப்பது என்று ஆன பிறகு கஞ்சத்தனம் எதற்கு என்று முழுசாகவே கொடுத்தார்.

“எல்லாரும் அசந்து போயிட்டாங்க மாமா! இந்த மாதிரி ஒரு தெருவே வேணுமாம். இன்னும் ரெண்டு மாசம் நம்ம வீட்டுலயே இருங்க. தினம் நான் ஆபீஸ் விட்டு வந்து நீங்க கட்டறதைப் பாத்துக்கிட்டே இருக்கேன்.”

பெரியவர் கண்ணில் தண்ணீர் தளும்பியது. மாப்பிள்ளையின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவதாகச் சைகை காட்டிவிட்டுக் குழாயடிக்குப் போனார். என்ன ஒரு ஆனந்தம் என்று பார்த்துக்கொண்டே நின்ற மாப்பிள்ளையின் சட்டைப் பையில் போன் அடித்தது. ஊரிலிருந்து மாமியார்.

“சொல்லுங்க அத்தை! மாமா இங்க ரொம்ப சந்தோஷமா இருக்கார்.”

“மாப்பிள்ளை, உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும், அந்தக் கட்டடத்தை இன்னிக்காவது நிக்க விடுங்க! ‘தினம் சாயங்காலம் மாப்பிள்ளை உடைச்சு உடைச்சு வைக்கிறார், நான் கட்டறதைப் பாக்கறதுல அவருக்கு அப்படி ஒரு ஆசை, பாதியில விட்டுட்டு வந்தா அவர் மனசு நோகும்னு நம்ம பொண்ணு சொல்றா, நான் எப்பதான் வீட்டுக்கு வர்றது’ன்னு மனுஷன் தினம் போன்ல அழறார்!”