ஆமை ஆவுடையப்பனுக்கு வாய்த்த ரிசீவர்

ஒரு காட்டில், பறவைகள் பாட்டுக்குப் பறந்துகொண்டிருக்க, பறக்க வராத மிருகங்கள் எல்லாம் கூடி மாதிரி விமானச் சங்கம் ஒன்று நடத்திவந்தன. மயில் சித்திரசேனனும் அதில் உறுப்பினர். பறவை என்றாலும் தோகைக் கனத்தில் வேலிக்கு மேலே எழும்பாது என்பதால் சேர்த்துக்கொண்டார்கள். சங்கத்திலேயே விமானம் ஓட்டுவதில் அதுதான் கெட்டிக்காரன்.

மகா மோசம் ஆமை ஆவுடையப்பன். அதன் முதல் விமானம் குளித்துக்கொண்டிருந்த யானையின் முதுகில் விழுந்தது. இரண்டாவது, மான் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் அண்டாவுக்குள் போய் இறங்கியது.

“இதோ பாரும் ஆவுடையப்பன்,” என்றது சங்கத் தலைவரான யானை. “போட்டியன்றும் விழுந்தால் சங்கத்தில் உமக்கு இடமில்லை.”

பிறந்ததிலிருந்து ஆமை பார்த்ததெல்லாம் மற்றவர்களின் கணுக்கால்கள். விமானம் பறக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் கழுத்தை முழுசாக நீட்டி வானத்தைப் பார்க்கும். அதையும் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது?

‘தப்பு என் கையில் இல்லை, விமானத்தைத் தரையிலிருந்து ஓட்டும் ரேடியோவில்தான்,’ என்று முடிவுகட்டி, நல்லதாக ஒன்று தேடக் கிளம்பியது. வேகத்தைக் கூட்டும் குச்சி வலது கையில் இருக்க வேண்டும் என்றது தவளை. இடது கைதான் சரி என்றது ஆந்தை. இரண்டும் அதோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டன. கடைசியில் ஆமை, மைனா கோமளத்தின் கடைக்கே போனது.

“எத்தனை சேனல் வேணும் அண்ணாச்சி?” என்றது மைனா.

“மேலே கீழே போக ஒண்ணு, சாய ஒண்ணு, திரும்ப ஒண்ணு, வேகத்துக்கு ஒண்ணு. நாலு போதாதா?”

“பன்னிரண்டா எடுத்துக்கோங்க.”

“மீதி எட்டு எதுக்கு?”

“மரியாதைக்கு.”

ஆமைக்கு அது நியாயமாகப் பட்டது. கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டர் புத்தம் புதிது. விமானத்துக்குள் வைக்கும் ரிசீவர்தான் கடையில் தீர்ந்துபோயிருந்தது.

“பழசு ஒண்ணு இருக்கு. நம்ம மயில் போன மாசம் புது ரிசீவர் வாங்கிட்டு இதைக் குடுத்துட்டுப் போச்சு. ராசியான கை.”

“ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்குமா? முதல்ல இணைக்கணும்னு சொல்றாங்களே?”

“பேசாம எங்கே போயிடும்? எடுத்துட்டுப் போங்க.”

வீட்டில் போய் மாட்டிப் பார்த்தால் விமானம் அசையவே இல்லை. ரிசீவரில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. ஆமை மறுபடி கடைக்கு நடந்தது.

“அது வெட்கப்படுது அண்ணாச்சி,” என்றது மைனா. “ஆளு புதுசு இல்லையா? நாலு பேர் இருக்கிற இடத்துல சரியாயிடும்.”

போட்டி நாள் வந்தது. இரண்டிரண்டு பேராகப் பறக்கவிட வேண்டும். ஆமைக்கு ஜோடியாக வாய்த்தது மயில். சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு ஆமை வியர்த்து நின்றது. பக்கத்தில் மயில் தன் டிரான்ஸ்மிட்டரின் சுவிட்சைப் போட்டது. உடனே ஆமையின் ரிசீவரில் பச்சை விளக்கு நின்று எரிந்தது.

‘வெட்கம் தெளிந்துவிட்டது!’ என்று பூரித்துப்போனது ஆமை.

யானை பிளிறியது. ஆமை குச்சியைத் தொடுமுன்பே அதன் விமானம் ஓடி, எழும்பி, வானத்தில் ஏறியது. சாய்ந்தது, வட்டம் போட்டது, மல்லாந்து பறந்தது. மயிலின் விமானத்துக்குப் பக்கத்தில் இரட்டைப் பிள்ளை மாதிரி போனது. கூட்டம் வாயைப் பிளந்தது. ஆமைக்கே புல்லரித்தது. ஒரு கணம் டிரான்ஸ்மிட்டரைத் தரையில் வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தது. அப்போதும் விமானம் அழகாக ஒரு குட்டிக்கரணம் போட்டது.

ஆமை தன் வெறுங்கையைப் பார்த்தது. அந்தப் பக்கம் குச்சியை இழுத்துக்கொண்டிருந்த மயிலைப் பார்த்தது. விஷயம் புரிந்துவிட்டது. ரிசீவர் கைமாறி வந்ததே தவிர, இன்னும் பழைய முதலாளியின் டிரான்ஸ்மிட்டர் சொல்வதைத்தான் கேட்கிறது.

ஆமை அக்கம்பக்கம் பார்த்தது. மெல்ல டிரான்ஸ்மிட்டரை எடுத்து, கண்ணை இடுக்கி, உதட்டைக் கடித்து, பெரிய விமானிபோல் குச்சிகளை இப்படியும் அப்படியும் திருகத் தொடங்கியது.

“தலைவரே! இவன் என்னைப் பார்த்துக் காப்பியடிக்கிறான்!” என்று அகவியது மயில்.

“நீ திருப்புகிற அதே நொடியில் அவரும் திருப்புகிறார். பார்த்துச் செய்தால் கொஞ்சமாவது பிந்தாதா? அதுவும் ஆமை!” என்றது யானை. “காப்பியே என்றாலும் இந்த வேகத்தில் அடிக்க உன்னால் முடியுமா?”

மயிலுக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. எப்படியாவது உதறிவிட வேண்டும் என்று விமானத்தைத் தலைகுப்புறக் கீழே பாய்ச்சி, கடைசி நேரத்தில் நிமிர்த்தியது. இரண்டு விமானங்களும் பாய்ந்தன, இரண்டும் நிமிர்ந்தன. ஆனால் மயிலின் விமானத்துக்கு எதிரே ஒரு பனைமரம் நின்றது. ஆமையின் விமானத்துக்கு எதிரே ஒன்றும் இல்லை. மோதிய அதிர்ச்சியில் மயிலின் கை வேகக் குச்சியைக் கீழே இழுத்துவிட்டது. ஆமையின் விமானம் பூப்போலப் புல்லில் இறங்கியது.

ஆமைக்கு மாலை போட்டார்கள். நல்ல ரேடியோவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஆமை நீண்ட நேரம் பேசியது. “எட்டு சேனலாவது உபரியாக இருக்க வேண்டும்,” என்றபோது பலத்த கைதட்டல். குரங்குகள் அப்போதே மைனாவின் கடை வாசலில் வரிசை கட்டின.

அந்தச் சத்தத்துக்கு நடுவே மயில் எழுந்தது. “ஆமையிடம் தோற்ற பிறகு எனக்கு எதற்கு இது? இன்றோடு விட்டேன்,” என்று சொல்லி, டிரான்ஸ்மிட்டரைப் பாறையில் அடிக்க ஓங்கியது.

ஆமை வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடியது. மயிலின் காலைக் கட்டிக்கொண்டது.

“வேண்டாம் தம்பி! நீ இல்லாத வானம் எனக்கு எதுக்கு? புது விமானம் நானே செஞ்சு தர்றேன். ஆனா இந்த டிரான்ஸ்மிட்டரை மட்டும் மாத்திடாதே. நீ எப்போ பறக்கவிட்டாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லு, நானும் வந்துடறேன்.”

அதன் கண்ணில் வழிந்தது நிஜக் கண்ணீர். மயில் விம்மியது. “ஜெயித்த பிறகும் இப்படி ஒரு மனசா!” என்று தும்பிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது யானை. அந்த வருஷத்துப் பெருந்தன்மை விருதும் ஆமைக்கே போனது.

நீதி: தோற்றுப்போனவரைத் தட்டிக்கொடுத்து எழுப்பிவிடுங்கள், உங்கள் விமானத்தை ஓட்டுகிறவர் அவராகவும் இருக்கலாம்.