முயலுக்கு இரண்டு காது வைத்த கரடி

ஒரு காட்டில், அதாவது களிமண் தாராளமாகக் கிடைக்கும் ஆற்றங்கரைக் காட்டில், ஒரு கரடி மண்ணில் விலங்கு பொம்மைகள் செய்து பிழைத்தது. 'ஒரு கரடி' என்று யாரையோ சொல்வதுபோல் சொல்கிறேன். நான்தான் அது. என் உள்ளங்கை சாப்பாட்டுத் தட்டு அகலம். அந்தக் கையால் செய்த பொம்மையை வாங்கியவர் என் மாமியார் மட்டும்தான். அவரும் குகைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் வாங்கினார்.

ஒருநாள் காட்டுத் தலைவரான புலி வந்தது.

"யோவ், என்னை மாதிரியே ஒரு சிலை செய். பொய்யா ஏதாவது செஞ்சே, உன்னைத் தின்னுடுவேன்."

நிற்கும் புலியாகத்தான் தொடங்கினேன். கால்கள் பாரம் தாங்காமல் வளைந்தன. சரி, உட்கார்ந்த புலி என்று முடிவு செய்தேன். காயும்போது வால் விழுந்தது. உள்ளே மண்ணைக் குடைந்தெடுக்க மறந்து சூளையில் வைத்ததால் வயிறும் வெடித்தது. மிஞ்சியது இரண்டு கண் வைத்த பூசணிக்காய். அதைத்தான் உருட்டிக்கொண்டுபோய்ப் புலி முன் வைத்தேன்.

புலி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. பிறகு கண் கலங்கி உட்கார்ந்துவிட்டது.

"எல்லாப் பயலும் ஃபில்டர் போட்டுத்தான் என் படத்தை போன்ல அனுப்புறான். நீ ஒருத்தன்தான்யா உள்ளதை உள்ளபடி காட்டியிருக்க. நான் இப்படியா ஆயிட்டேன்?"

"கொஞ்சம்தான் தலைவரே" என்றேன்.

அன்றே நான் அரசுச் சிற்பி. மறுநாள் முதல் வாசலில் டோக்கன், வரிசை. மயில் தன் பொம்மையைப் பார்த்து, "என் மனசு இப்படித்தான் கோணலா இருக்கு" என்று அழுதது. மான் பொம்மைக்குக் கொம்பு ஒட்டவில்லை. கர்வம் போயிற்று என்று மான் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனது.

எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒன்றையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று தினமும் பழகினேன். பழகினால் கரடிக்குக்கூட வரும்போலிருக்கிறது. முயல் பொம்மைக்கு இரண்டு காதும் நின்றன. மூக்கு, முயல் மூக்காகவே வந்தது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

முயல் பார்த்தது. முகம் சுருங்கியது.

"இதுல என் குறை எங்கேங்க? ஐஸ் வைக்கிறீங்களா?"

"இல்லைங்க, நீங்க நிஜமாவே இப்படித்தான் இருக்கீங்க."

"தலைவரே! கரடி பொய் சொல்லுது!"

புலி ஓடிவந்து பொம்மையையும் முயலையும் மாறி மாறிப் பார்த்தது.

"அச்சு அசலா இருக்கு" என்று உறுமியது. "முயல்கிட்ட எவ்வளவுய்யா வாங்கின?"

இதையெல்லாம் ஒரு மரத்தின் உச்சிக் கிளையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். கீழே புலி இன்னும் போகவில்லை.

நீதி: தொழில் தெரியாதவரை பிழைப்புக்குக் குறைவில்லை. தயவுசெய்து கற்றுக்கொண்டு கெடுத்துக்கொள்ளாதீர்கள்.